நீலப் பென்சில் போட்ட முனைகள்

லிபோவா, மொராவியா
1908 பிப்ரவரி 16

அன்பு மகள் அப்போலேனாவுக்கு அப்பா மெத்தோதெய் எழுதுவது. நானும் உன் அம்மாவும் கடவுள் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கிளீவ்லாந்தில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். அம்மாவின் முழங்கால் வலி பனி உருகினால்தான் விடுமாம். மூன்று வாத்தில் ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது, மிச்சம் இரண்டும் என்னைக் கண்டால் கத்துகின்றன, நான்தான் நரி என்று நினைப்பு.

உன் கடிதம் வந்தது. கல்யாணப் பேச்சை எழுதுகிற மகள் கோர்ட் குமாஸ்தா மாதிரியா அப்பனைக் கேள்வி கேட்பாள்? என் கூட்டாளி ஃப்ளோரியான் நாற்காலி ஆலையில் செத்த அன்று யார் பக்கம் கழியின் முனை நழுவியது என்று தெரியாமல், அங்கே இருக்கிற அவன் மகன் சிரில் உன்னைக் கட்ட மாட்டானாம். ஃப்ளோரியான்தான் தன் பக்கத் திருகாணியை முடுக்கவில்லை என்று மேஸ்திரி அன்றே எழுதிவிட்டார், நானும் ஆமாம் என்றேன். மூன்று வருஷமாக அதையேதான் சொல்கிறேன், ஊரில் ஒருத்தரும் மறுத்ததில்லை.

இருபத்திரண்டு வருஷம் அவனும் நானும் ஒரே அச்சில் நின்று நாற்காலி முதுகு வளைத்தோம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துப் பிடித்த வேலை. அவரவர் முனையில் நீலப் பென்சிலால் அவரவர் எழுத்தைப் போடுவோம், விரிசல் விட்டால் யார் முனை என்று மேஸ்திரி கேட்பார். ஆவிப் பெட்டியில் வெந்து இளகிய பீச் மரக் கழி வெளியே வந்ததும் வெளிப்பக்கம் இரும்புப் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் திருகாணியை முடுக்கி, ஆளுக்கு ஒரு பக்கமாக அச்சைச் சுற்றி இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். முடுக்கிவிட்டேன் என்று வாயால் சொல்வதில்லை, பட்டையில் இரண்டு தட்டு தட்டுவோம். தட்டு கேட்டால் அடுத்தவன் உடம்பின் மொத்தப் பாரத்தையும் போடுவான். அவன் செத்த அன்று கழி ஆறிக்கொண்டிருந்தது, ஆறினால் வளையாது. மெத்தோ, கல்யாணப் பொண்ணு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு நிக்கிறியேடா, சீக்கிரம் தட்டித் தொலை என்று ஃப்ளோரியான் கத்தினான். தட்டினேன். கழி வெடித்தது, அவன் மல்லாந்து ஆவிப் பெட்டியின் இரும்பு மூலையில் விழுந்தான்.

உடைந்த கழியை நான் அன்றே கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டேன். முடுக்கிய முனையில் இரும்புப் பட்டை நகக்கண் ஆழத்துக்குத் தழும்பு போடும், முடுக்காத முனை கடைசலிலிருந்து வந்தபடியே வழவழப்பாக இருக்கும். ஆனாலும் நான் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அது பரணில் டக் டக் என்று இரண்டிரண்டாகச் சத்தம் போடும். மரம் காய்கிறது என்பேன். மூணு வருஷமா என்னங்க காயுது, ஒண்ணு எடுத்துப் பாருங்க, இல்லாட்டி அடுப்புல போடுங்க, அதைத் தலைக்கு மேல வெச்சுக்கிட்டு என்னால படுக்க முடியல என்பாள் அம்மா. ஆலையிலும் அதே இரண்டு தட்டு கேட்கிறது. இப்போது என் எதிரே நிற்கும் வின்சென்ஸ் போன வாரம் அப்படியே நின்றுவிட்டான், நான் தட்டலையே பெரியப்பா, நீங்களும் தட்டலை, அப்புறம் யாரு தட்டினது என்கிறான். வேலையைப் பாருடா என்றேன்.

வியாழக்கிழமை மதியம் பரணில் ஏறினேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன், நீ கேட்டாலும் எழுத மாட்டேன், பாதிரியார் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். அம்மா என் எழுத்து இருந்த முனையை வாங்கி விரலால் தடவினாள். வழவழன்னு இருக்குங்க என்றாள். அதன் பிறகு இன்றுவரை சூப்பை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

இரண்டு முனைகளையும் அறுத்து, அம்மா கொடுத்த பிளம் ஜாம் ஜாடிக்கு அடியில் வைத்து இந்தப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சிரிலும் அப்பனிடம் வளைக்கக் கற்றவன், மரத்தைப் பார்த்தால் அவனுக்கே தெரியும். அதன் பிறகு அவன் உன்னைக் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, நான் அவனை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஏரிக் காற்றில் தலையில் துணி இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் தலைமேல் என் கை எப்போதும் இருக்கிறது. ஒன்று மறக்காதே, வழியில் ஜாடி உடைந்து ஜாம் ஒட்டியிருந்தாலும் முனைகளை ஈரத் துணியால் துடைத்துவிடாதே. என் எழுத்து அழிந்துவிடும்.

உன் அப்பா,
மெத்தோதெய்