குற்றம் இன்ஜினில் இல்லை, மாப்பிள்ளை

ஷெட்டுக்குள் செல்வத்துக்கும் வீட்டுக்குள் மாப்பிள்ளைக்கும் சேர்த்து, உன் மச்சான் எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்குவது கைப்பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? இங்கே நாங்கள் இருக்கிறோம். திருச்செங்கோட்டில் உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைச் சுமதிதான் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருட வெயில், போன வருட வெயிலை நல்ல வெயில் என்று சொல்ல வைக்கிறது.

முதலில் இந்த 'நீ'க்கு ஒரு விளக்கம். எட்டாம் வகுப்பிலிருந்து நாம் இருவரும் 'டேய்'தான். என் தங்கை சுமதியை நீ கட்டிய அன்று மண்டபத்தில் அம்மா என்னை ஓரமாக இழுத்து, இனிமேல் அவனை வாங்க போங்க என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பந்தியில் "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா" என்று நான் கேட்க, உனக்குப் புரையேறிவிட்டது. பிறகு நாமே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். வீட்டில் நீங்க, ஷெட்டில் நீ. இந்தக் கடிதத்தை ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்பது சுமதியின் உத்தரவு. நாலு பேருக்குத் தெரிந்து உனக்குக் கெட்ட பேர் வந்தது, அதே நாலு பேருக்குத் தெரிந்து அது போக வேண்டும் என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். உனக்கு இன்ஜின் வேலை வராது என்று அந்த நாலு பேரைச் சொல்ல வைத்தவன் நான்தான், செல்வம்.

நம் காரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டே சீட். கதவு இல்லை, கூரை இல்லை. சதுரப் பைப்பில் பற்றவைத்த ஒரு கூடு, அதன் மேல் அலுமினியத் தகடு, முன்னால் ஓர் இன்ஜின். வெளிநாட்டில் இதை வீட்டுக் கொல்லையில் வைத்துக் கட்டுகிறார்களாம். ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போட்டுத் திரிந்த காலத்தில், பாறை உடைபடும் தூசிக்குள் உட்கார்ந்து போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்காது, கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டலாம் என்று சொன்னேன். அது போதும் என்றாய்.

எந்த இன்ஜினைப் போடுவது என்று நாம் ஒரு தீபாவளி முதல் அடுத்த பொங்கல் வரை சண்டை போட்டோம். நான் லாரிக்குப் பாடி கட்டுகிறவன். பெரிய டீசல் இன்ஜினாகப் பார் என்றேன். அதன் கனத்தைச் சொல்லி, முன்னால் நாலு நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடச் சொல்கிறாயா என்று சிரித்தாய். உனக்குக் கொஞ்ச நாள் பெரிய பைக்கின் இன்ஜின் மேல் ஒரு கண் இருந்தது. எடையே இல்லை, பத்தாயிரம் சுற்றுக்கு மேல் கத்தும். ஆனால் அதற்கு ரிவர்ஸ் கியர் இல்லை. திரும்ப வேண்டுமென்றால் நான் இறங்கித் தள்ள வேண்டும் என்றதும் அந்த ஆசை அடங்கியது. கடைசியில் சேலத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில், பின்பக்கம் நொறுங்கிய காரிலிருந்து ஆயிரத்து முந்நூறு சிசி பெட்ரோல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்துவிட்டு, இதுதான் என்றாய். பெண் பார்க்கப் போனபோதுகூட நீ அவ்வளவு சீக்கிரம் தலையாட்டவில்லை.

இன்ஜின் சின்னதாக இருக்கிறதே என்று நான் முனகினேன். அதற்கு நீ சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"இன்ஜின் எத்தனை பெருசுன்னு பாக்காதடா. அது எத்தனை கனத்தை இழுக்கோணும்னு பாரு. அதக் கொறச்சா இதுவே பறக்கும்."

அந்தக் கனம்தான் என் பொறுப்பில் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். லாரிக்காரர் பத்து டன் ஏற்றுவேன் என்று வந்து நிற்பார். நாங்கள் ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் பதினைந்துக்குத் தாங்குகிற மாதிரி கட்டுவோம். அவர் எப்படியும் பதினைந்து ஏற்றுவார். கேட்டதைவிட ஒரு சுற்றுத் தடிப்பாகப் போட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். நீ கொடுத்த வரைபடத்தில் பதினாறு கேஜ் பைப் என்று இருந்தது. அதன் சுவர் ஒன்றரை மில்லிதான் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு முட்டை ஓடு மாதிரி இருந்தது.

அதோடு, முதல் ரவுண்டில் பக்கத்து சீட்டில் சுமதிதான் உட்காருவாள் என்று வேறு சொல்லிவிட்டாய். என் பட்டறைக்கு வருவதில் பாதி, அடிபட்ட வண்டி. நசுங்கிய கேபினைப் பிரிக்கும்போது சீட்டுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடைக்கும், சாப்பாட்டுத் தூக்கு கிடைக்கும். அதற்குள் இருந்தவர் என்ன ஆனார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலே தெரிந்துவிடும்.

நீ ஒரு மாதம் ரிக் ரிப்பேருக்காக மத்தியப் பிரதேசம் போயிருந்தாய். அந்த மாதத்தில் நான் கூட்டைப் பற்றவைத்தேன், பன்னிரண்டு கேஜில். பைப்புக்கு எண் குறையக் குறையச் சுவர் தடிக்கும் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதுவும் போதாமல் காலுக்கு அடியில், அலுமினியத்தின் கீழே, லாரித் தளத்துக்குப் போடும் இரும்புத் தகட்டையும் வைத்தேன். பைப்பின் வாயை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே என்ன தடிப்பு என்று யாருக்குத் தெரியும்? நீ திரும்பி வந்து, நாலு பேராகத் தூக்கும்போது, கனமாக இருக்கிறதே என்றாய். உனக்கு வயதாகிவிட்டது என்றேன். அதையும் நம்பினாய்.

பொய் அதோடு நிற்கவில்லை. எல்லாம் பூட்டி முடிந்ததும் எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்றாய். உன் கடையில் வாடிக்கைக்காரர்கள் காத்து நின்றதால் நான் மட்டும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனேன். கார் அறுநூற்று அறுபது கிலோ வந்தது. உன்னிடம், வரைபடப்படி வர வேண்டிய ஐநூற்று இருபதையே சொன்னேன். நீ அதைச் சாக்பீஸால் ஷெட்டுச் சுவரில் எழுதி, கீழே கோடு வேறு போட்டாய். ஒரு வாரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அந்த ஒரு வாரம் வரவே இல்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் கிழங்கு மாவு காயவைக்கும் சிமெண்டுக் களத்தை, சீசன் இல்லாத நாட்களில் நமக்குத் திறந்துவிட்டார்கள். அங்கேதான் ஓட்டிப் பார்த்தாய். அந்த எடைக்கு அந்த இன்ஜின் களத்தின் கடைசியை ஏழு நொடியில் தொட வேண்டும் என்பது உன் கணக்கு. ஒன்பதுக்குக் கீழே வரவில்லை. கணக்கு தப்பாது, எடை தெரியும், அப்படியென்றால் இன்ஜின்தான் முழுச் சக்தியைத் தரவில்லை என்று முடிவு கட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம். ஒரு கார்புரேட்டரை இரண்டாக்கினாய். அதில் பெட்ரோல் பாயும் ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டாய். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு என்று பார்த்தாய். ஒருநாள் அது சரியான காப்பித்தூள் நிறத்தில் வந்தது. குழந்தை பிறந்த மாதிரி எல்லோரிடமும் நீட்டிக் காட்டினாய். அப்படியும் ஒன்பதுதான். ஃப்ளைவீலைக் கடைசலில் இழைத்துக் கனம் குறைத்தாய். கிராம் கணக்கில் நீ குறைத்துக்கொண்டிருந்தாய், நூற்று நாற்பது கிலோவை நான் ஒளித்து வைத்திருந்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். களத்து ஓரத்தில் வேப்பமர நிழல், சுமதி கட்டிக் கொடுத்த புளிச்சோறு, கை முழுக்கக் கிரீஸோடு நீ பேசும் பேச்சு. கார் சரியாக ஓடிவிட்டால் இதெல்லாம் முடிந்துவிடும் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேனோ என்னவோ. அந்த நாட்கள் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்தேனா?

கடைசியில் சக்தியை எப்படியாவது பிழிந்து எடுக்க, ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றி, பெட்ரோல் பற்றும் நேரத்தையும் முன்னால் தள்ளினாய். எல்லை தாண்டுகிறோம் என்று உனக்கே தெரியும். கோயமுத்தூர்த் தடத்தில், அத்தனை பேர் பார்க்க, நாலாவது சுற்றில் இன்ஜினில் தட்டும் சத்தம் வந்தது, பிறகு புகை வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஓட்டை. இவன் போர்வெல் ரிக்கின் கம்ப்ரசரைப் பார்க்கத்தான் லாயக்கு என்று அங்கே யாரோ சொன்னது நம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. திரும்பி வரும்போது பவானி தாண்டினோம். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"காருல குத்தமில்லடா. என்ற கைக்கு இது வரல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டெம்போவை ஓரங்கட்டி, செல்வம், குற்றம் உன் கையில் இல்லை என்று சொல்லியிருந்தால் நீ என்னை நாலு அறை அறைந்திருப்பாய், அத்தோடு முடிந்திருக்கும். நான் டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.

நீ புது பிஸ்டன் போட்டாய். ஹெட்டை மாற்றினாய். எல்லாவற்றையும் முதன்முதலில் வைத்த அளவுக்கே கொண்டுவந்து, ஒருமுறை ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடினாய். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. எட்டு மாதத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது.

போன மாசியில் பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். சுமதியும் நானும் தார்ப்பாயை விலக்கினோம். சுற்றிச் சுற்றி வந்து பைப்பைத் தட்டிப் பார்த்தார். கூடு யார் கட்டியது, அருமையான வேலை என்றார். இந்த இன்ஜின்தான் பிரயோஜனம் இல்லை, அதைக் கழற்றிக் கடாசிவிட்டு வேறு போட்டுக்கொள்கிறேன் என்றார். என் பைப்பைப் பாராட்டிவிட்டு உன் இன்ஜினைத் தூக்கி எறிகிறேன் என்கிறார். கார் விற்பனைக்கு இல்லை என்று அவரை அனுப்பிவிட்டு, சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. சுவரில் நீ எழுதிய எண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சாகற வரைக்கும் அவுரு தன்ற கையத்தான் குத்தம் சொன்னாருங்ணா. ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு ரெண்டு வருசம் பத்தலீங்களா?"

உனக்காகத்தான் சாமி, செல்வம் உன்னை அதில் உட்கார வைப்பான் என்று பயந்துதான் என்று அவளிடம் சொன்னேன். என்னைக் கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லையே. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் உன் வரைபடத்தோடு பட்டறைக்கு வந்தாள். இதில் இருக்கிறபடி இன்னொரு கூடு கட்டுங்கள் என்றாள்.

கட்டினேன். அவள் என்னை நம்பவில்லை, செல்வம். ஒவ்வொரு பைப்பையும் நான் பற்றவைப்பதற்கு முன்னால், அதன் வாயில் வெர்னியரை வைத்துச் சுவரை அளந்தாள். என் ஆட்கள் முன்னால்தான். அவமானமாக இருந்தது, வேண்டும் எனக்கு என்றும் இருந்தது. எடைமேடைக்கும் அவளே வந்தாள். உன் இன்ஜினை இறக்கி ஏற்றினோமே தவிர, நீ வைத்த ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை களத்துக்குக் கொண்டுபோனோம். நான் ஓட்டினேன், சுமதி நின்று நேரம் பார்த்தாள். இரண்டாவது கியரிலேயே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சின்ன இன்ஜின் எதையோ உதறிவிட்டு எழுந்த மாதிரி கத்திக்கொண்டு போனது. ஆறே முக்கால் நொடி. நீ சொன்னதற்கும் கால் நொடி முன்னால். நீ முதல் நாள் வைத்த ட்யூனிங், செல்வம். முதல் நாளே சரியாகத்தான் வைத்திருந்தாய். நான் பிரேக் போட்டு நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சுமதி வந்து என்னை எழுப்பினாள். இறங்கச் சொன்னாள். பக்கத்து சீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். அடுத்த மாதம் கோயமுத்தூர்த் தடத்தில் தானே ஓட்டப் போவதாகச் சொன்னாள். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள்.

"பயமா இருக்குதுங்ளாண்ணா?"

இருக்குது சாமி என்றேன்.

"இருக்கட்டுங்ண்ணா. பைப்புல மட்டும் கை வெச்சறாதீங்க."

வைக்க மாட்டேன், மாப்பிள்ளை. அவள் அத்தனை பேர் முன்னால் அந்தத் தடத்தைச் சுற்றி வரும் வரை பயத்தோடேயே நின்றுகொண்டிருப்பேன். இது யார் ட்யூன் செய்த இன்ஜின் என்று கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் உன் பெயரைச் சொல்லுவேன்.

உன் கையைக் கெடுத்தவன்,
உன் மச்சான் குமரேசன்