நீ சுவரோரமாய் நடந்த நாள்

மச்சான்,

இன்று காலை பஸ்ஸுக்கு நிற்கையில் ஈரச் சுண்ணாம்பு மணத்தது. எதிரே உங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் சுவரில் பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். உடனே மனம் உன் மகளின் கல்யாணத்துக்குப் போய்விட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படித்தான் வந்து நிற்கிறாய்.

அந்தக் கோயிலுக்குள் நீ ஒருநாளும் போனதில்லை. ஊரில் ஷெல்லுக்குப் பயந்து கோயிலில் ஒதுங்கியிருந்தபோது கூரை விழுந்து உன் அம்மா செத்துப்போனார். அதற்குப் பிறகு மொன்றியல் பனியிலும் வாசற்படியில் நின்றுதான் பூசை கண்டாய். "உள்ளுக்கு ஹீட்டர் போட்டிருக்கடா" என்று சைவக்காரன் நான் சொன்னாலும் அசையமாட்டாய்.

மகளுக்கோ பிரான்சில், மாப்பிள்ளையின் கிராமத்துக் கோயிலில் கல்யாணம். "அப்பா, நீங்கள்தான் என்னைப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போகோணும்" என்றுவிட்டாள். முதல்நாள் நாம் இருவரும் பார்க்கப் போனோம். தொள்ளாயிரம் வருஷத்துக் கோயில். குனிந்து நுழையும் வாசல், அரைவட்ட வளைவுகள், கையகலச் சன்னல்கள். கூரையும் கல். சாவி வைத்திருந்த கிழவி பிரெஞ்சில் விளக்கினாள். உன் பிரெஞ்சு ஜான்-டலோன் சந்தையில் தக்காளி விற்கத்தான் காணும். அதனால் வாசலில் நின்ற உனக்கு நான் தமிழில் சொன்னேன்.

"இவ்வளவு பாரத்தையும் ஆர் தாங்குறது?"

"சுவர்தான். அதுதான் இந்தத் தடிப்பு. சன்னலைப் பெரிசா வெட்டினால் பலம் போயிடுமாம்."

மாடு வாங்கப் போனவன் மாதிரிச் சுவரைத் தட்டிப் பார்த்தாய். பீடத்துக்கு மேலே கூரை ஒருமுறை விழுந்து திரும்பக் கட்டியது என்றும் கிழவி சொன்னாள். அதை மட்டும் நான் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் பாட்டுத் தொடங்கியது. நடுவழி நெடுகப் பூ. நீ வாசலில் நின்றுவிட்டாய். மகள் உன் காதில் ஏதோ சொன்னாள். பிறகு இருவரும் நடுவழியை விட்டு, தூண்களுக்கு அப்பால் ஓரமாகத் திரும்பினீர்கள். ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, மறுகையால் சுவரைத் தடவிக்கொண்டே பீடம்வரை போனாய். வெள்ளைக்காரர் எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். உன் கறுப்புக் கோட்டு முழுக்கச் சுண்ணாம்பு. நான் அழுதுவிட்டேன்.

சாப்பாட்டில் பக்கத்தில் இருந்து கேட்டாய்.

"பீடத்துக்கு மேல கல்லு வேற நிறம். ஒருக்கா விழுந்திருக்கு, என்ன?"

"எப்ப கண்டனி?"

"நேற்றே."

"தெரிஞ்சுகொண்டோ உள்ள வந்தனி?"

"பிள்ளை கேட்டவள் எல்லோ" என்றுவிட்டு இறைச்சியைத் தட்டில் போட்டுக்கொண்டாய்.

மொன்றியல் திரும்பியதும் பழையபடி படியில்தான் நின்றாய். பயம் தெளியட்டும், பிறகு பார்ப்போம் என்று ஊர்ப் பயணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தவன் நான். எங்கள் வீடு நின்ற வெறும் நிலத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அக்கா அங்கே தனியாக இருக்கிறா. எத்தனையோ தரம் கூப்பிட்டுவிட்டா.

அடுத்த மாதம் போகிறேன், மச்சான். பயம் அப்படியேதான் இருக்கிறது.