பெருங்களத்தூர் ரோட்டில் லாரிகளைக் காணோம்

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் பீர்க்கன்கரணையில் நானும் அம்மாவும் சுகம், கனடா குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன். எனக்கு இன்னும் அதிர்ச்சி தீரவில்லை அம்மாடி, சாப்பிட உட்கார்ந்தாலும் உன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லாரிக்குச் சாலை வரியை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா, ஓடினாலும் வரி, லோடு கிடைக்காமல் வாசலில் நின்றாலும் அதே வரி. மனு கொடுத்து அலைந்தோம், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரகடம் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கிற நாங்கள் எல்லாரும் பெருங்களத்தூர் ரோட்டோரம் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். செவ்வாய்க்கிழமை காலை போலீஸ் வந்து எங்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தது. வழக்கம்தானே, மத்தியானம் சாம்பார் சாதம் போட்டுச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். வண்டியை யாரும் எடுக்கக்கூடாது என்று சாவியை எல்லாரும் வீட்டம்மாக்களிடம் கொடுத்திருந்தோம், அதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம். ஆனால் கிரேன் வைத்து இழுக்கப் போகிறார்கள் என்று மண்டபத்துக்குள் செய்தி வந்தது பார், எனக்கு உயிரே போய்விட்டது. போலீஸ் யார்டுக்குள் போன வண்டி புது வரியும் அபராதமும் கட்டாமல் வெளியே வராது, கட்டினால் போராட்டம் அதோடு முடிந்தது.

விட்டதும் ஓடினேன். ரோடு காலி, ஒரு வண்டி இல்லை. என்னோடு லோடு அடிக்கிற குணா, ஒண்ணுகூட காணோமே, இன்னாண்ணா பண்றது என்று நடுரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். டீக்கடை செல்லம்மா வந்து, உங்க வூட்டம்மாதான் எல்லாத்தையும் சர்ச்சாண்ட ஓட்டிகினு போச்சு என்றாள். விளையாடுகிற நேரமா இது என்று அவளைத் திட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் சர்ச் மைதானத்தில் எல்லா லாரியும் நிற்கிறது. கடைசி வண்டியின் டிரைவர் சீட்டில் உன் அம்மா ஜான்சி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி! மற்ற பெண்கள் கிரேன் முன்னால் உட்கார்ந்துகொள்ள, சர்ச் இடத்திலிருந்து இழுக்க முடியாது என்று இவள் ஒவ்வொன்றாக எடுத்து வந்து போட்டிருக்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவள் சாவகாசமாகச் சொல்கிறாள், நீங்க வந்து கட்டையாட்டம் தூங்குவீங்க, தண்ணி லாரி வர வழியில்லன்னு தெருவே கத்தும், எழுப்ப மனசு வராது, நானே எடுத்து ஒதுக்கி வுட்டுடுவேன், ஜீவிதாதான் கிளீனர் மாதிரி பின்னாடி நின்னு வரலாம் வரலாம்னு வண்டியத் தட்டுவா என்று.

நீயுமா ஜீவிதா? இத்தனை வருஷமும் நான் நிறுத்திய இடம்தான் என்று நினைத்துத் தினமும் வண்டியை எடுத்திருக்கிறேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

வரி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன ஆகுமோ தெரியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அம்மா மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள், எனக்குத்தான் பயம், அவள் அசையவில்லை. சனிக்கிழமை சர்ச் ஐயர், ஞாயிறு ஆராதனைக்கு இடம் வேண்டும், வண்டியை மதில் ஓரம் ஒதுக்குங்கள் என்றார். நான் சாவியை அம்மாவிடமே கொடுத்தேன். பின்னாடி பார்க்க ஜீவிதா இல்லையே என்று தயங்கினாள். நான் போய் நின்று தட்டினேன். சத்தமா தட்டுங்க, கேக்கல என்று எல்லார் முன்னாலும் ஒரு அதட்டல் போட்டாள்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அம்மாவுக்கு ஹெவி லைசென்ஸ் எடுக்க என்ன வேண்டுமென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இதை அவளிடம் இப்போது சொல்லிவிடாதே, உனக்குத்தான் ரகசியம் காக்கத் தெரியுமே.

இப்படிக்கு,
உன் அப்பா,
அம்மா வண்டியின் புது கிளீனர்,
ஜெபகுமார்