வெறும் உலை

மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து பருத்திமார் விறகு எரிகிற புகை வந்தது. கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுப் போய் அவர்கள் உலைமூடியைத் திறந்து பார்த்தேன். புதிதாக வந்த மருமகள் மிரண்டுபோனாள். உள்ளே சோளம் வெந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பானையை மோப்பம் பிடிக்கிறவள் என்று தெருவில் எனக்குப் பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பர்மாவுக்குப் பிழைக்கப் போன உன் வீட்டுக்காரரிடமிருந்து, சண்டை வந்ததும் கடிதம் நின்றுபோனது. அடுத்த வருஷம் மழையும் இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, களை வெட்டுகிற வேலைகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் நீ ஒருவரிடமும் கை நீட்டவில்லை. அடுப்பைப் பற்றவைத்து வெறும் தண்ணீரை உலை வைத்துவிட்டு, அதன் முன்னால் முழங்கால் போடுவாய்.

"தானியம் இல்லாம உலை எதுக்கு மதினி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆண்டவரு கொண்டாந்தா போடுறதுக்குப் பானை காயணுமில்ல? மனுசங்ககிட்டச் சொன்னா அவுகளுக்குப் பாரம். அவருகிட்டச் சொன்னா அவருக்கு வேலை."

நான் சிரித்தேன். அன்று மத்தியானமே பாலவனத்தத்திலிருந்து உன் சித்தி ஒரு பை குதிரைவாலியோடு வந்து நின்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிறகு அந்த நாலு நாட்கள். தினமும் உன் கூரையில் புகை வந்தது. உன் வழக்கம் தெரிந்தவள் நான். இருந்தும், மதினி வீட்டில் இன்றைக்கு உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் அடுக்குப்பானையில் கம்பு இருந்தது, என் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். பங்கு போட வேண்டியதில்லை என்று நிம்மதியாகவே இருந்தது. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் புகை வரவில்லை. வந்து பார்த்தால் காய்ச்சலில் பாயோடு கிடந்தாய். அடுப்பில் பானை நிறையத் தண்ணீர் ஆறிக் கிடந்தது. ஓடிப்போய்க் கம்பை இடித்துக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, உன் தலையை மடியில் வைத்து ஊற்றினேன். பாதி கடைவாய் வழியாக வழிந்துவிட்டது.

"வந்துருச்சு பாத்தியா மதினி," என்றாய். "கொஞ்சம் சுணங்கிருச்சு."

மறுநாள் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம்.

கோவிலில் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, அன்றாட ஆகாரத்தைக் கேட்கிற இடம் வந்தால் இன்றைக்கும் எனக்கு நா எழும்புவதில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆண்டவர் சுணங்கவில்லை மதினி. நீ கேட்ட கம்பு அந்த நாலு நாளும் என் அடுக்குப்பானையில்தான் கிடந்தது.