ஒரு நேரச் சோறு

புரட்டாசி 2, வியாழன்

காலை ஆறு மணிக்கே வெயில். காற்று இல்லை. எடை 96.2. மாலை போட்ட அன்று 102.4. இன்று பதினெட்டாம் நாள்.

இங்கேயாவது உண்மையை எழுதி வைக்க வேண்டும். மெஷினில் ஏறும்முன் மாலையைக் கழற்றினேன். குலசை அம்மன் கோயில் தசரா முடிகிறவரை கழுத்தை விட்டு இறங்கக் கூடாத மாலை. பாத்ரூம் கொக்கியில், ஈரத் துண்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். என்ன கனம் இருக்கும்? அறுபது கிராம்? அந்த அறுபது கிராமுக்காக! எடை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டேன். வெளியே பெண்டாட்டி மகேஸ் என் சிவப்பு வேட்டியைத் தனியாக அலசிக்கொண்டிருந்தாள். மற்றத் துணியோடு சேர்க்க மாட்டாள்.

இன்று தின்றது, கலோரியில்:
கடுங்காப்பி, சீனி இல்லை - 5
சோறு 150 கிராம் (தராசில் வைத்தது) - 195
சாம்பார் - 90
அவரைக்காய் - 70
மோர் - 40
இரவு பால், ஒரு பழம் - 220
ஆக 620. டயட்டீஷியன் எழுதித் தந்தது 1200. நான் அதில் பாதி. மாடி ஏறும்போது கண் லேசாக இருட்டுகிறது. இருட்டட்டும்.

புரட்டாசி 3, வெள்ளி

95.9.

ஆபீஸில் சர்வர் மந்தம். நாலு கண்டெய்னர் பேப்பர் அப்படியே நிற்கிறது. மதியம் சேவியர் பரோட்டா பொட்டலம் பிரித்தான். சால்னா வாசம் என் மேசை வரைக்கும். முன்னே என்றால் ஒரு பரோட்டாவைப் பிய்த்து என் வாயிலேயே திணிப்பான். இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"ஏலே செல்வா, கோவிச்சுக்கிடாத. சாமி முன்னால மட்டன் சால்னா திங்கேன்னு பாவம் வந்துரப்பிடாதுல்லா."

"தின்னுல. எனக்கு ஒண்ணுமில்ல."

"நீ கொடுத்து வச்சவம்ல. எங்களுக்கெல்லாம் தவக்காலத்துலயே நாப்பது நாள் தாங்காது."

சிரித்தேன். சிரிக்க என்ன இருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று எழுதிவிடுகிறேன். ஆனியில் சர்க்கரை மூன்று மாதச் சராசரி 8.1. ஈரலில் கொழுப்பு. பன்னிரண்டு கிலோ இறக்கு என்றார் டாக்டர். கலோரியைக் குறைத்தால் எடை குறையுமா, குறைந்தது நிற்குமா என்று கேட்டேன். குறையும், நிற்பது உங்க கையில என்றார். முதல் தடவை ஒன்பது நாள். மாமியார் முந்திரிக்கொத்தோடு வந்தார்கள். இரண்டாம் தடவை ஒரு மாதம், நாலு கிலோ இறங்கியது. அப்புறம் ஆறு ஏறியது. பசியெல்லாம் எனக்குப் பெரிசில்லை. ஒரு ஆள் முகத்துக்கு நேரே தட்டை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வராது. "ஒரு வாய்தானே" என்பார்கள். அந்த ஒரு வாயில்தான் நான் 102 கிலோ.

ஆவணியில் ஒரு நாள் சேவியர் ஆபீஸுக்கு மக்ரூன் டப்பா கொண்டுவந்தான். எல்லார் மூக்குக்கு நேரேயும் நீட்டியவன் முத்துவேல் அண்ணாச்சியை மட்டும் தாண்டிப் போய்விட்டான். அண்ணாச்சி எங்கள் ஆபீஸில் மூத்தவர். எங்கள் தெருவில், வேஷம் கட்டிக் கோயிலுக்குப் போகிற தசரா செட்டை நடத்துகிறவரும் அவர்தான். கழுத்தில் மாலை. "அண்ணாச்சி விரதம்லா" என்றான் சேவியர், ரொம்ப மரியாதையாக. நான் மூன்று மக்ரூனைத் தின்றுகொண்டே அந்த மாலையைப் பார்த்தேன்.

மறுவாரம் நானும் போட்டுக்கொண்டேன். பக்தியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. யாரும் ஊட்டிவிடக் கூடாது என்று போட்ட மாலை.

புரட்டாசி 5, ஞாயிறு

95.1. மேகம். மழை இல்லை.

தசரா வேஷத்துக்கு அளவு கொடுக்கப் போனேன். எனக்கு ராஜா வேஷம். காளி கட்டுகிற அளவுக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் பெயரில் இன்னும் பொய்யா? டெய்லர் டேப்பை இடுப்பில் சுற்றிவிட்டு, "நாப்பத்திரண்டுன்னு அண்ணாச்சி சொன்னாவ. முப்பத்தொன்பதுதான் இருக்கு, சாமி" என்றார். எனக்கு உள்ளே ஒரு குதி. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "விரதம் சுத்தமா இருந்தா ஒடம்பு தானா இறங்கும் தம்பி" என்று என் முதுகைத் தட்டினார். அந்தக் கை முதுகில் பட்டபோது கூசியது.

வீட்டுக்கு வந்தால் மகேஸ் அடுக்களையில் அவள் அம்மாவோடு போனில். நான் வந்தது தெரியாது.

"எனக்காவத்தாம்மா மாலை போட்டிருக்காவ. வாயத் திறந்து சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்லா. ஆடியில அந்தக் கட்டி வந்ததுல இருந்தே மனுசன் ஒரு மாதிரிதான் இருக்காவ. பத்தாந் தேதி டாக்டரப் பாக்கணும்லா, அதுக்குத்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப வெளியே போய்விட்டேன். தெருமுனை வரைக்கும். அங்கே நின்று என்ன செய்ய? திரும்பி வந்து காலிங் பெல் அடித்தேன், என் வீட்டில்.

ஆடியில் மகேஸுக்கு மார்பில் சிறு கட்டி. ஊசி டெஸ்ட் எடுத்தார்கள். கெட்டது இல்லை, புரட்டாசியில் திரும்பப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. சரி என்று நான் அதோடு மறந்துவிட்டேன். என் சர்க்கரைதான் எனக்குப் பெரிசாக இருந்தது. மாலை போட்ட அன்று, என்ன நேர்ச்சை என்று அவள் கேட்டாள். "வீட்டுக்குத்தான்" என்றேன். சும்மா வாயில் வந்தது. அவள் உடனே அழுதாள். சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

புரட்டாசி 6, திங்கள்

94.8. காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. பத்தாம் தேதி முடியட்டும். நல்ல செய்தி வந்தபின் சொன்னால் சிரித்துவிடுவாள்.

கேஸ் புக் பண்ணணும். நாசரேத் ஹாஸ்டலில் மகளுக்கு ஸ்கெட்ச் பேனா, தேங்காயெண்ணெய்.

புரட்டாசி 10, வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகேஸை மெஷினில் ஏற்றினாள். 44.8. ஃபைல் என் கையில். ஆடியில் 50.1. நர்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டு மகேஸை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

டாக்டரம்மா கட்டியைப் பார்த்தார். அப்படியேதான் இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் எடையைப் பார்த்தார்.

"அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. சாப்பாடு ஒழுங்கா இருக்கா?"

"நல்லா சாப்பிடுதேன் டாக்டர்."

"சார், நீங்க சொல்லுங்க."

"மூணு நேரமும் நல்லாத்தான் சாப்பிடுதா டாக்டர்" என்றேன். அடித்துச் சொன்னேன். என்ன தெரியும் எனக்கு? அவள் தட்டை நான் எப்போது பார்த்தேன்? என் சோற்றைக் கிராம் கிராமாக நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"காரணமில்லாம இப்படிக் குறையக் கூடாது" என்றார். பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஊசி டெஸ்ட் இன்னொரு தடவை, ஒரு ஸ்கேன். புதன்கிழமை வரச் சொல்லி எழுதினார்.

ஆட்டோவில் மகேஸ் என் மாலையை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இருக்கையில எனக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

புரட்டாசி 11, சனி

93.9. மெஷினில் ஏறியிருக்கவே கூடாது. பழக்கத்தில் ஏறிவிட்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இளைக்கிறோம். ஒருத்தன் ஆசைப்பட்டு இளைக்கிறான். இன்னொருத்தி எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாலை போட்டு இருபத்தேழு நாளில் முதல் தடவையாக நிஜமாகவே கேட்க உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. தாயே, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அதற்குமேல் என்ன சொல்ல? உன்னை வைத்து எல்லாரையும் ஏமாற்றினேன், அதை அவள் தலையில் இறக்காதே என்றேன். அதிலும் கடைசியில் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

ஒன்றும் எழுத முடியவில்லை. நெட்டில் "காரணமின்றி எடை குறைதல்" என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

புரட்டாசி 13, திங்கள்

துறைமுகத்தில் சர்வர் முழுசாகப் படுத்துவிட்டது. பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு வந்தேன். மகேஸ் ஃபேனுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

தட்டு காய்ந்திருந்தது. பானையைத் திறந்தேன். எனக்கு நிறுத்து வைத்த 150 கிராம் சோறு. வேறு ஒரு பருக்கை இல்லை. சாம்பாரும் எனக்கு மட்டும்.

"என்னத்தத் தின்ன? சொல்லு."

எழுந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள், நான் ஏதோ திருட்டைப் பிடித்த மாதிரி.

"நீங்க எனக்காவ ஒரு நேரம் இருக்கையில, நான் மட்டும் மூணு நேரம் அள்ளித் திங்கவா? ராத்திரி நீங்க பால் குடிச்ச பொறவு ரெண்டு தோசை திங்கேன். போதும்."

"எப்பத்துலேருந்து?"

"நீங்க மாலை போட்ட மறுநாள்லேருந்து."

"டாக்டர்ட்ட ஏன் சொல்லல? நான் வேற அங்கன இருந்து மூணு நேரம்னு..."

"சொன்னா விரதத்த விடச் சொல்லுவாவ. நான் விட்டு, அதனால உங்க நேர்ச்சை பலிக்காமப் போயிட்டுன்னா?"

முதலில் வந்தது சந்தோஷம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பட்டினிதான், வேறெதுவும் இல்லை, பட்டினிதான்! அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாலை போட்டவன் பெண்டாட்டியைத் தொடக் கூடாது என்று அவள்தான் விலகினாள். அப்புறம் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. இத்தனை நாளாக என் கண் எங்கே இருந்தது?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டுச் சொல்கிறேன் என்று நர்ஸ் வைத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் கூப்பிட்டாள். முதலில் சாப்பிட வையுங்கள், புதன்கிழமை டெஸ்ட் எப்படியும் எடுத்துவிடலாம், பொய் சொல்லாமல் வாருங்கள் என்றாள். அது இரண்டு பேருக்கும் சொன்னதுதான். எனக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

மகேஸ் சாப்பிட மாட்டேன் என்கிறாள். வேஷம் கட்டி, கோயிலுக்குப் போய், மாலை இறங்கிய பிறகுதானாம். கெஞ்சினேன். சத்தம் போட்டேன். "பத்துப் பதினஞ்சு நாள்தானங்க" என்கிறாள். தோசை ஒன்றரையாகிவிட்டது இன்று.

புரட்டாசி 14, செவ்வாய். காலை

இன்னொரு பொய் யோசித்தேன். கனவில் அம்மன் வந்து, அவளைச் சாப்பிடச் சொன்னாள் என்று சொல்லிவிட்டால்? நல்ல பொய். உடனே நம்புவாள். அதுதான் பயமாக இருந்தது.

அதைவிட அண்ணாச்சி சொன்னால் கேட்பாள் என்று அவரைப் பிடித்தேன், ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில்.

"பொம்பளையாளு மனசார இருக்கா. நான் எப்படித் தம்பி வேண்டாம்னு சொல்ல? முடியாதவங்க இருக்க வேண்டாம்னு வேணா சொல்லுதேன். ஆனா அவ கேக்க மாட்டா. நேர்ச்சை போட்டவன் நீ. நீ சொன்னாத்தான் கேப்பா. அப்படி என்னதான் தம்பி வேண்டிக்கிட்ட?"

மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சிக்கு என்ன புரிந்ததோ. "வீட்ல போய்ச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இந்தத் தடவை தம்பி என்று சொல்லவில்லை.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

சொல்லிவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வராது என்று. எனக்கு எடை குறையணும், அதுக்குத்தான் மாலை போட்டேன். சேவியர் மக்ரூன் நீட்டக் கூடாது, உங்கம்மா முந்திரிக்கொத்து நீட்டக் கூடாது, அதுக்குத்தான். வேற ஒண்ணுமே வேண்டிக்கிடல. அதனால நீ விரதம் இருக்க வேண்டிய அவசியமே இல்ல. சாப்பிடு. எட்டரைக் கிலோ குறைந்ததையும் சொன்னேன், எதற்கு என்று தெரியவில்லை.

அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கத்துவாள் என்று நின்றேன். கத்தியிருந்தால் தேவலை. இரண்டு மூன்று காய் உரித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்ப, எனக்குன்னு ஒருத்தரும் வேண்டிக்கிடலையா?"

சனிக்கிழமை கேட்டேனே, நிஜமாகக் கேட்டேனே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. டாக்டரம்மா பயமுறுத்திய பிறகுதானே கேட்டாய் என்று அவள் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

எழுந்து அடுக்களைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவை நாங்கள் சாத்தியதே கிடையாது. தட்டு எடுக்கிற சத்தம். பானை மூடி. கொஞ்ச நேரம் கழித்து, அவள் சாப்பிடுகிற சத்தம், வேக வேகமாக, நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"மகேஸ், கதவத் திற. நான் எடுத்து வைக்கேன்."

"வேண்டாம்" என்றாள் உள்ளேயிருந்து.