கண்டக்டர் அண்ணனின் கோல்டு ஃபிஷ்

இன்று காலை மைக்ராஸ்கோப்பின் துணி உறையைக் கழற்றினேன். குப்பென்று உன் பவுடர் வாசனை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகு இன்றுதான் அந்த உறையைத் தொடுகிறேன். பூதப்பாண்டியிலிருந்து ஒருவர் ஏஞ்சல் மீனைக் கவரில் கொண்டுவந்து, "மேலெல்லாம் உப்புத் தூவினமாதிரி இருக்கு, மருந்து தாங்க" என்று நின்றார். என் கை பழக்கதோஷத்தில் நீல மருந்துப் பாட்டிலை எடுக்கப் போனது, பாதியில் நின்றுவிட்டது. மீனை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டுத்தான் உறையைக் கழற்றினேன். உன் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

கருங்கல் ஊரில் தோழிகள் நாம் இருவரும் சேர்ந்து இந்த அலங்கார மீன் கடையைப் போட்டபோது எனக்கு வாய் மட்டும்தான் மூலதனம். நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருடக்கணக்கில் மலேரியாவும் யானைக்கால் கிருமியும் பார்த்துவிட்டு வந்தவள். மீன் கடைக்கு மைக்ராஸ்கோப் எதற்கு, நாலு பேர் சிரிப்பார்கள் என்று நான் குதித்தேன். நீ அசரவில்லை. "மீனுக்கு எங்க நோவுதுன்னு சொல்லத் தெரியுமா? நாமதான் பாக்கணும், கேட்டியா" என்றாய்.

நீ பார்க்கிற அழகே தனி. முதலில் மீனைத் தொடவே மாட்டாய். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அது கல்லில் உரசுகிறதா, ஒரு பக்கத்துச் செவுளை மட்டும் மூடிக்கொண்டு மூச்சு விடுகிறதா என்று பார்ப்பாய். அதற்குள் நான் மூன்று வாடிக்கையாளர்களை அனுப்பியிருப்பேன். பிறகு கையை நனைத்து மீனைப் பிடித்து, செவுளுக்குப் பின்னால் உள்ள வழுவழுப்பை மெல்லிய கண்ணாடி விளிம்பால் ஒரு தடவு. அதே தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு. "ஏட்டி, ஓடி வா. உருண்டையா ஒண்ணு மெதுவா சுத்துது பாரு. அதுக்குள்ள குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு கெடக்கு, தெரியுதா? இதுதான் வெள்ளைப்புள்ளிக் கிருமி." நான் குனிந்து பார்த்துவிட்டு, தெரியாததையெல்லாம் தெரிகிறது என்பேன். நீ நம்பியதேயில்லை.

புள்ளி உதிர்ந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களைக் கண்டால் உனக்கு ஆகாது. "மீன விட்டு எறங்கியாச்சுன்னா தீந்துபோச்சுன்னா அர்த்தம்? தரையில கெடந்து பெருகிட்டு, குஞ்சு குஞ்சா நீந்தி வரும். அப்பதான் மருந்து அதக் கொல்லும்" என்று ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்வாய்.

இவ்வளவும் கூட இருந்து கேட்ட நான்தான் கண்டக்டர் அண்ணன் விஷயத்தில் அந்தக் கூத்தை அடித்தேன்.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகள் கல்யாணமாகி துபாய் போகும்போது விட்டுச்சென்ற கோல்டு ஃபிஷ்ஷை ஐந்து வருடமாக வளர்த்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் மகள் வீடியோ காலில் அப்பாவை விசாரிப்பதற்கு முன்னால் மீனைக் காட்டச் சொல்வாள். அது தனியாகக் கிடக்கிறதே என்று நம் கடையிலிருந்து இன்னொன்று வாங்கிப்போனார். பத்து நாளில் ஓடி வந்தார். பழைய மீனின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, நிலைகொள்ளாமல் ஓடுகிறது என்றார். நீ அன்று தோவாளையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தாய். நாம் கொடுத்த மீனிலிருந்துதான் நோய் போயிருக்கிறது, இனி கடைப் பெயர் சந்தி சிரிக்கும் என்று பயந்து, மீனைப் பார்க்காமலே மருந்தைக் கொடுத்தேன். உப்பும் போடச் சொன்னேன், ஹீட்டரும் வைக்கச் சொன்னேன். சீக்கிரம் குணமாகட்டும் என்ற ஆசையில் அவர் மருந்தை இரட்டிப்பாக ஊற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் மீனை வாளியோடு கொண்டுவந்தபோது அது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நீ குனிந்து பார்த்தாய். "புள்ளி செவுள் மூடியிலயும் முன் செட்டையிலயும் மட்டும்தானே இருக்கு. வால்ல ஒண்ணுகூட இல்லியே" என்று முணுமுணுத்தாய். பிறகு என்னைப் பார்த்து, "இது ஆண் மீனாக்கும். பொட்ட மீன் பக்கத்துல வந்ததும் அதுக்குப் பருவம் வந்திருக்கு. அந்தப் பருவத்துல மொளைக்குத முத்துதான் இது. நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாய்.

மாப்பிள்ளைக் களை வந்த மீனுக்கு நான் விஷம் வைத்திருக்கிறேன்! மருந்தின் மேலோ, அதை இரட்டித்த அவர் மேலோ பழியைத் தள்ளிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அவரிடம், "அண்ணே, கடையில தப்பு நடந்துபோச்சு. மீனுக்குச் சீக்கு இல்ல, எங்க மருந்துதான் அதப் படுத்துது. விட்டுட்டுப் போங்க, நான் பாக்குதேன்" என்றாய். கடைப் பெயரை நீயே கெடுக்கிறாயே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ என்னைத் திட்டவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாய், காற்றுக் குழாய் இரண்டு போட்டாய், பக்கத்திலேயே இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ காலில் பார்த்தபோது மீன் நீந்திக்கொண்டிருந்தது.

ஊர் மீனுக்கெல்லாம் இப்படிப் பார்த்தவள், உன் வயிற்று வலியை மட்டும் ஆறு மாதம் சோடா குடித்தே ஓட்டினாய். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

உன் அடக்கத்துக்குக் கண்டக்டர் அண்ணன் வந்திருந்தார். இனியும் மனதில் வைத்திருக்க முடியாமல், அன்றைக்குத் தப்பு செய்தது நான் மட்டும்தான் என்று அவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா மக்கா? மருந்து தரும்போ அவ கடையிலேயே இல்லியே" என்றார். "அவ ஒன்னக் காட்டிக் குடுக்கல்ல, எங்கிட்டப் பொய்யும் சொல்லல்ல. பின்ன நான் வேற எந்தக் கடைக்குப் போவேன்?"

போன மாதம் குளச்சலில் ஒரு அக்காவின் கப்பி மீன்களுக்கு அவசரப்பட்டு மருந்து கொடுத்தேன். இரண்டு செத்துப்போயின. அவர் குறைகூட சொல்லவில்லை, விதி என்றார். நான் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, "மீன் செத்ததுக்கு நான்தான் காரணம் அக்கா, பாக்காம மருந்து தந்துட்டேன்" என்றேன். நீ பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது என்றெல்லாம் கதைவிட மாட்டேன். நீ இல்லை. தனியாகத்தான் நின்றேன், ஏட்டி. ஆனாலும் சொல்லிவிட்டேன்.