அண்டா மூடி

யோக்யகர்த்தா
4 மார்ச் 2001

துமீராவுக்கு,

உன் அண்ணி சுபார்மி எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. அடுத்தவர் அழுதால் நிம்மதியாகத் தூங்குகிறவள் நீ. நலமாகத்தான் இருப்பாய்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணும், ஞாபகம் கோணாது. நம் ஊர் சார்னி வீட்டுக் கல்யாணச் சமையலுக்குப் பெண்கள் கூடியபோது நீ மஞ்சள் கெபாயாச் சட்டை போட்டிருந்தாய். பலாக்காய் வெந்துகொண்டிருந்தது. என் பேத்தி வெனிங் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இவ லத்தாக்காரிடி! இப்ப உளறுவா பாருங்கடி" என்று சொல்லி, அவள் முதுகுக்குப் பின்னால் அண்டா மூடியை டமாரென்று போட்டாய்.

திடுக்கிட்டதும் வாய்க்கு வந்ததை உளறுகிற லத்தாக்காரிகளைச் சீண்டிச் சிரிப்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் வெனிங் உளறவில்லை, சத்தமில்லாமல் சரிந்தாள். அப்போதும் சிரித்தீர்கள். "வேலைக் கள்ளி, நல்லா நடிக்கிறா" என்றாய்.

ஆறு வருஷமாக அவள் இப்படி விழும்போதெல்லாம் ஊர் நர்சும் பயந்த சுபாவம் என்று சொல்லித் தூக்க மாத்திரைதான் கொடுத்தாள். இப்போது வைத்தியத்துக்காக இங்கே வீடு பிடித்துத் தங்கியிருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறாம். திடீர்ச் சத்தம் கேட்டால் தாளம் தப்பிவிடுமாம். "எப்ப விழுவோமோன்னு ஆறு வருஷம் இருந்தா யாருக்குத்தான் பயம் வராது?" என்றார் டாக்டர்.

உன் பேரனின் சுன்னத்து விருந்துக்கு அதே பெண்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று, செய்தது தப்பு என்று சொல். அதுவரை என் வாசலை மிதிக்காதே.

சுபார்மி


தெமாங்குங்
15 மார்ச் 2001

அண்ணிக்கு சலாம்.

வெனிங் தேறியதற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஞாபகத்தைப் பற்றி நீங்களா பேசுவது? நீங்கள் புதுப்பெண்ணாக எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. நெல் காய்ந்த முற்றத்தில் என் காதருகே முறத்தைத் தட்டியது யார்? நான் குப்புற விழுந்ததும், "ஒங்க தங்கச்சி சரியான பயந்தாங்கொள்ளி" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தது யார்? அந்தப் பெயரே எனக்கு நிலைத்தது. பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள்.

இப்போதும் சேவல் கூவினால் நெஞ்சு எகிறுகிறது. போன வருஷம் கிணற்றடியில் இரண்டு முறை விழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். அதனால்தான் நான் முந்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

துமீரா


யோக்யகர்த்தா
9 ஏப்ரல் 2001

துமீரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

முதல் நாளே டாக்டர் கேட்டார், "இவ தாத்தா வழியில வேற யாராவது இப்படி விழுவாங்களா? ரத்தத்துல வர்ற கோளாறு இது. ஒரு தடவை எந்திரிக்காமலே போயிடலாம்."

யாருமில்லை என்றேன். நீ கிணற்றடியில் விழுந்ததைப் படித்த பிறகும் வாய் திறக்கவில்லை. இன்னொரு தடவை விழட்டும், ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று இருந்தேன். இப்படி ஒரு ஆசை எனக்கு இருந்ததை நீ தெரிந்துகொள்.

நேற்று அரிசி அளக்கப்போன வெனிங் கையில் கடிதம் சிக்கிவிட்டது. "பாட்டி, இது என் வியாதிதானே? இதையா அரிசில போட்டு மூடுனீங்க?" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வா. ஆஸ்பத்திரியில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். டிரைவர் பக்கத்தில் உட்காராதே, ஹாரன் அடிப்பான். சேவலை இன்றைக்கே விற்றுவிடு.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அண்டா மூடியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முறத்தையும் மறந்ததில்லை. அன்று நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். விழுந்தபோது உன் கையில் ஒரு பிடி நெல் இருந்தது. நினைவு திரும்பும்வரை விரல்கள் அதை விடவில்லை. நான்தான் பிரித்து எடுத்தேன்.

விருந்தன்று நீ மூடியைச் சொல். நான் முறத்தைச் சொல்கிறேன்.

வந்ததும் கதவைத் தட்டாதே, வெனிங் திடுக்கிடுவாள். திறந்தே வைத்திருப்பேன்.

சுபார்மி